தேகப்பயிற்சியும் மனோதிடமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதியைப் பற்றியும், வர்த்தகத்தைப் பற்றியும், விவாகங்களில் செய்யப்படும் வீண் செலவைப் பற்றியும் பலர் பேசியுள்ள இம்மேடையில், புஜத்தையும் தொடையையும் பற்றிப் பேச ஒருவர் வந்து நிற்பது பெரியோர்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கடை வைத்துப் பிழைக்கும் குடும்பத்தாருக்குப் பயில்வான்களின் காரியம் எதற்கு என்றும் அவர்கள் எண்ணலாம். ஆனால் நம் பிள்ளைகள் இக்காரியத்தில் ஏற்கெனவே இறங்கிவிட்டார்கள். மாதந்தோறும் அதற்குப் பணம் கட்டுகிறார்கள். அவர்கள் இறங்கியதைப் பற்றி நமக்கு வருத்தமில்லை, மகிழ்ச்சியே. எந்த மனத்தோடு இறங்கினார்கள் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் இப்பொழுது தெருவுக்கொரு பயிற்சிக்கூடம் இருக்கிறது. ஜிம் என்று பலகை மாட்டிய அக்கூடங்களில் ஜனவரி மாதத்து முதல் வாரம் சென்று பார்த்தால் நிற்க இடமிராது. மாசி மாதம் கழிவதற்குள் அக்கூட்டம் கரைந்துபோகிறது. வருஷத்துக்கென்று முன்பணமாகக் கட்டிய தொகை மாத்திரம் கூடத்துக்காரரிடம் பத்திரமாக இருக்கிறது. மிஞ்சி நிற்பவர்களிலும் சிலர் ஒரே மாதத்தில் ஒரு வருஷத்துப் பயனை அடைய எண்ணித் தோளையோ முதுகையோ கெடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போகிறார்கள். வேறு சிலர் ஊசியை நாடுகிறார்கள். அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்லுவோம். எஞ்சிய சிலரே ஆண்டுகள் கடந்தும் அமைதியாகப் பயின்று, கண்டவர் மதிக்கும் தேகத்தைப் பெறுகிறார்கள். இவர்கள் அனைவரும் தூக்குகிற இரும்பு ஒன்றே. உண்ணுகிற சோறும் ஏறக்குறைய ஒன்றே. வேற்றுமையெல்லாம் மனத்தில்தான் இருக்கிறது.

உற்சாகம் என்பது ஒன்று; உறுதி என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதே முதற்பிழை. ஒரு சினிமாவைப் பார்த்தாலும், சினேகிதனுடைய புகைப்படத்தைப் பார்த்தாலும் உற்சாகம் பொங்கும். அது பொங்கிய வேகத்திலேயே அடங்கும். பால் பொங்குவதும் அப்படித்தானே? 2002-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ஆராய்ச்சியாளர்களாகிய மில்ன், ஆர்பெல், ஷீரன் என்னும் மூவர் வெளியிட்ட ஒரு சோதனையை இவ்விடத்தில் சொல்லுதல் தகும். 248 மாணவர்களை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். முதல் வகுப்பாருக்கு யாதொரு போதனையும் இல்லை. இரண்டாம் வகுப்பாருக்கு இருதய வியாதியின் கொடுமையையும் தேகப்பயிற்சியின் நன்மையையும் எடுத்துரைக்கும் வாசகம் படிக்கக் கொடுக்கப்பட்டது. மூன்றாம் வகுப்பாருக்கு அதே வாசகத்தோடு ஒரு சிறு வேலையும் கொடுக்கப்பட்டது. இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் பயிற்சி செய்வேன் என்று அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. அடுத்த வாரத்தில் ஒரு முறையேனும் 20 நிமிஷம் கடுமையாகப் பயின்றவர்களைக் கணக்கெடுத்தபோது, முதல் வகுப்பில் நூற்றுக்கு 38 பேர். உபதேசம் மாத்திரம் கேட்ட இரண்டாம் வகுப்பில் 35 பேர். நாளும் இடமும் எழுதிய மூன்றாம் வகுப்பில் 91 பேர்!

உபதேசம் கேட்டவர்கள், கேளாதவர்களைவிட மேலாக ஒன்றும் செய்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். உபதேசம் செய்வதற்கென்றே மேடையேறியுள்ள நமக்கு இஃது அத்தனை இனிப்பான செய்தியன்று. ஆயினும் உண்மையை மறைத்துப் பயனென்ன? இந்த மாலையில் நாம் பேசும் பேச்சைக் கேட்டு எவனேனும் ஒரு வாலிபன் உள்ளம் பொங்கினால் அதனால் மாத்திரம் ஒன்றும் விளையாது. 'திங்கள், புதன், வெள்ளி. கடை திறப்பதற்கு முன் காலை ஐந்தே முக்கால் மணி. இன்ன தெருவிலுள்ள கூடம்' என்று ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் ஒட்டிக்கொண்டானாகில் ஏதேனும் விளையக்கூடும்.

இதன் காரணத்தை ஆராய்ந்து பார்த்தால் எளிதாகவே புலப்படும். மனம் ஒரு நல்ல வியாபாரி. ஒவ்வொரு நாளும் 'இன்று போவதா வேண்டாமா?' என்று அதனிடம் கேட்டால் அது பேரம் பேசத் தொடங்கிவிடும். மழை வரும் போலிருக்கிறது என்னும். நேற்று நித்திரை போதவில்லை என்னும். நாளைக்கு இரட்டிப்பாகச் செய்யலாம் என்று கடன் பத்திரமும் எழுதித் தரும். நாளும் நேரமும் முன்னமே நிச்சயிக்கப்பட்டுவிட்டால் பேரத்துக்கு இடமில்லை. பல் துலக்குவதற்கு எவனும் மனத்தை உற்சாகப்படுத்திக் கொள்வதில்லையன்றோ?

அப்பழக்கம் வேரூன்ற எத்தனை நாள் செல்லும் என்று வாலிபர்கள் கேட்பதுண்டு. இலண்டன் நகரத்துச் சர்வகலாசாலையைச் சார்ந்த லாலி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 96 பேரை வைத்துப் பார்த்து 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, ஒரு புதிய செய்கை தானாக நடைபெறும் நிலையை அடையச் சராசரி 66 நாள்கள் ஆயின. ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரையில் வேறுபட்டது. ஆகவே ஒரு மண்டலத்தில் பழக்கம் படியவில்லையே என்று மனமுடைய வேண்டியதில்லை. இடையில் ஒரு நாள் தவறினாலும் பழக்கம் பெரிதும் குலைவதில்லை என்றும் அவர்கள் கண்டார்கள். விரதம் பங்கமாயிற்று என்று எண்ணி முழுவதையும் கைவிடும் மனோபாவம் நம்மவரிடத்தில் அதிகம்.

இனி, மனோதிடம் என்பது இன்னதென்று விளங்க ஒரு மனிதருடைய சரித்திரத்தைச் சொல்ல விரும்புகிறோம். கீழ்வங்காளத்தில் கொமில்லா ஜில்லாவைச் சேர்ந்த தாம்தி என்னும் கிராமத்தில் 1912-ஆம் ஆண்டில் பிறந்தவர் மனோகர் ஐச். பன்னிரண்டாவது வயதில் காலா அசார் என்னும் கொடிய காய்ச்சல் கண்டு மெலிந்துபோனார். அவ்வியாதியிலிருந்து மீண்டு, இழந்த உடம்பைத் திரும்பப் பெறும்பொருட்டுத் தண்டாலும் பஸ்கியும் எடுக்கத் தொடங்கியதே அவருடைய பயிற்சியின் ஆரம்பம். குடும்பமோ ஏழைக் குடும்பம். முழு வளர்ச்சி பெற்றபோதும் அவர் உயரம் 4 அடி 11 அங்குலமே. தேக அழகுப் போட்டிக்கென்று ஆள் தேடுகிறவர் எவரும் இப்படிப்பட்ட ஒருவரைத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்.

1942-ஆம் ஆண்டில் அவர் ஆங்கிலேயரின் விமானப்படையில் சேர்ந்தார். அங்கே ரூப் மார்ட்டின் என்னும் ஆங்கிலேயர் ஒருவர் அவருடைய உடம்பின் தன்மையைக் கண்டு, எடைகளைக் கொண்டு பயிலும் முறையை அவருக்குக் காட்டினார். வேறோர் ஆங்கில அதிகாரி இந்தியர்களை இழித்துப் பேசவே, மனோகர் அந்த அதிகாரியைக் கன்னத்தில் அறைந்தார். அதன் பயனாகக் கிடைத்தது சிறைவாசம். அச்சிறையிலேதான் அவர் தம் உடம்பை முறையாக வளர்த்தார் என்பது நாம் நினைந்து நினைந்து வியக்கத்தக்க செய்தி. இரும்பு இல்லை, கருவி இல்லை. உடம்பின் பாரத்தையே எடையாகக் கொண்டு, சில நாள்களில் 12 மணி நேரம் வரையிலும் பயின்றதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவருடைய விடாமுயற்சியைக் கண்ட சிறை அதிகாரிகள் அவருக்கு விசேஷ உணவுக்கு ஏற்பாடு செய்தார்கள். 12 மணி நேரம் என்பதைக் கேட்டு நம் வாலிபர்கள் அப்படியே செய்யப் புறப்பட வேண்டாம். சிறையில் இருந்தவருக்கு வேறு வேலை இல்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. அவ்விடத்தில் நிலைக்கண்ணாடி இல்லை. பார்த்து மெச்சுகிறவர் இல்லை. வெளியே போய்க் கலந்துகொள்ளலாம் என்று நம்பத்தக்க போட்டியும் இல்லை. பிறர் கண்ணுக்காகப் பயில்கிறவன் அந்நிலையில் ஒரு வாரம் தாங்கமாட்டான். அதிகாரியை அறையும்படி செய்த கோபமும் அதற்குப் போதாது. கோபம் ஒரு க்ஷணத்தில் கையை ஓங்கச் செய்யும். மறுநாள் விடியற்காலையில் தண்டால் எடுக்கச் செய்யாது.

1947-ஆம் ஆண்டில் தேசம் விடுதலை பெற்றபோது அவரும் விடுதலை பெற்றார். வெளியே வந்தவருக்குப் பட்டுப் பீதாம்பரம் காத்திருக்கவில்லை. கல்கத்தாவில் சியால்தா ரயில் நிலையத்தருகே இளநீர் விற்றுக் குடும்பத்தைக் காத்தார். இளநீர்க் காய் சீவிய அக்கைகளே 1950-ஆம் ஆண்டில் மிஸ்டர் ஹெர்க்குலிஸ் பட்டத்தைப் பெற்றன. மறுவருஷம் இலண்டனில் நடந்த மிஸ்டர் யூனிவர்ஸ் என்னும் உலகப் போட்டிக்குச் சென்றார். அவ்வருஷம் அப்போட்டியில் வங்காளத்தவராகிய மனதோஷ் ராய் தம் பிரிவில் பட்டம் பெற்று, அதைப் பெற்ற முதல் இந்தியர் என்னும் புகழை அடைந்தார். மனோகருக்குத் தம் பிரிவில் இரண்டாம் இடமே கிடைத்தது.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? இரண்டாம் இடமும் பெரிதே என்று ஊருக்குத் திரும்பி, மாலை மரியாதை பெற்றுக்கொண்டு, அதன்பின் அக்கதையை ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்போம். மனோகர் கப்பலேறவில்லை. இலண்டனிலேயே தங்கி, அந்நாட்டு ரயில்வேயில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு, பகலில் உழைத்து மிச்ச நேரத்தில் பயின்றார். 1952-ஆம் ஆண்டில் தம் உயரப் பிரிவில் மிஸ்டர் யூனிவர்ஸ் பட்டத்தைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 40! அயலூரில், குளிரில், பழக்கமில்லாத சாப்பாட்டில் ஒரு வருஷம் இருந்து காட்டிய பொறுமையை நாம் அப்பட்டத்தைக் காட்டிலும் உயர்வாக மதிக்கிறோம். அவருடைய ஆகாரமோ சோறு, பருப்பு, மீன், காய்கறி, பால் ஆகிய சாதாரண வங்காளிச் சாப்பாடு. நீர்விட்ட பழைய சோற்றை அவர் புகழ்ந்து பேசுவாராம். நம் வீட்டுப் பாட்டிமார் கேட்டால் மகிழ்வார்கள். மதுவும் புகையும் அவரை அணுகியதில்லை. 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5-ஆம் தேதி, 104-ஆவது வயதில் அவர் காலஞ்சென்றார்.

மனத்தின் வேலை கூடத்துக்குப் போய்ச் சேருவதோடு முடிந்துவிடுவதில்லை. கையில் டம்பெல்லை எடுத்த பிறகும் அதற்கு வேலை இருக்கிறது. இக்காலத்துத் தேக அழகுப் போட்டிகளுக்குத் தந்தையெனப்படும் யூஜின் சாண்டோ என்னும் ஜெர்மானியர், 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் மாபெரும் போட்டியொன்றை நடத்தியவர். துப்பறியும் கதைகளால் பெயர் பெற்ற கானன் டாயில் அப்போட்டியின் நடுவர்களில் ஒருவர். அந்தச் சாண்டோ விற்பனைக்குக் கொண்டுவந்த டம்பெல் ஒரு வினோதமானது. கைப்பிடி இரண்டு பாதியாகப் பிளந்திருக்கும். நடுவே வில்கம்பிச் சுருள்கள் இருக்கும். பயிற்சி செய்யுங்கால் அப்பாதிகளை இறுக அழுத்திச் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். மனம் சற்றே வேறிடம் சென்றாலும் பிடி தளர்ந்து பாதிகள் விலகிவிடும். சிந்தையைத் தசையின்மேல் நிறுத்துவதற்காகச் செய்த தந்திரம் அது. இக்காலத்தில் ஒரு கையில் டம்பெல்லும் மறு கையில் கைப்பேசியுமாக நிற்கும் நம் பிள்ளைகளுக்கு அதைத் திரும்பவும் செய்து கொடுத்தால் நலமாயிருக்கும்.

சாண்டோவின் கொள்கை வெறும் விளம்பரமன்று என்பதற்குச் சான்றுண்டு. 2018-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசத்து ஷோன்ஃபெல்டும் அவருடைய கூட்டாளிகளும், முன்பின் பயிற்சியில்லாத வாலிபர் 30 பேரை 8 வாரம் பயிற்றினார்கள். ஒரு சாரார் எடையை உயர்த்துவதிலேயே கருத்தை வைத்தனர். மற்றொரு சாரார் தசை இறுகுவதிலேயே கருத்தை வைத்தனர். முன்கையை மடக்கும் தசையின் பருமன் முதல் சாராருக்கு நூற்றுக்கு 6.9 பங்கும், இரண்டாம் சாராருக்கு 12.4 பங்கும் பெருகியது. தொடைத் தசையில் இவ்வளவு வேற்றுமை காணப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். 1992-ஆம் ஆண்டில் யூ, கோல் என்னும் இருவர் செய்த சோதனை இன்னும் அதிசயமானது. சுண்டுவிரலை அசைக்கும் தசையை மெய்யாகவே பயிற்றியவர்களுக்கு வலிமை நூற்றுக்கு 30 பங்கு கூடிற்று. விரலை அசைக்காமல், அசைப்பதாக மனத்தினால் மாத்திரம் பாவித்தவர்களுக்கு 22 பங்கு கூடிற்று! அதற்காகக் கட்டிலில் படுத்துக்கொண்டே பயில்வானாகிவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்த மனப்பயிற்சியால் தசை பருப்பதில்லை. தசையை ஏவுகிற மூளை தன் ஏவலைச் செம்மைப்படுத்திக்கொள்கிறது.

இவ்விடத்தில் புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகள் நன்றாக அறிய வேண்டிய ஒன்று உண்டு. முதல் சில வாரங்களில் வலிமை விரைவாக ஏறும், உருவமோ மாறாது. மோரிடானி, டிவ்ரீஸ் என்போர் 1979-ஆம் ஆண்டில் விளக்கியபடி, ஆரம்பத்தில் கூடும் வலிமையில் பெரும்பகுதி நரம்புகளின் தேர்ச்சியால் வருவது. தசை பருப்பதனால் வரும் வலிமை பின்னரே வருகிறது. கண்ணாடியை நம்புகிறவன் இக்காலத்தில்தான் ஏமாந்து வெளியேறுகிறான். 'இரண்டு மாதம் போனேன், ஒன்றும் ஆகவில்லை' என்கிறான். உண்மையில் எல்லாம் ஆகிக்கொண்டுதான் இருந்தன. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. ஆதலால் கண்ணாடியை விட்டு நோட்டுப் புத்தகத்தை நம்புங்கள் என்று சொல்லுகிறோம். நம்மவர் வீட்டில் பேரேடு எழுதத் தெரியாத பிள்ளை இல்லை. தேதி, பயிற்சியின் பெயர், தூக்கிய எடை, எத்தனை முறை. இவற்றை அன்றன்று பதிந்து வந்தால் போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் உள்ள லாபம் கண்ணெதிரே தெரியும். லாபம் தெரிந்த வியாபாரத்தை எவன் மூடுவான்? எடையைச் சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டே போவதுதான் இவ்வித்தையின் உயிர். அமெரிக்க ராணுவ வைத்தியர் டிலார்ம் என்பவர் காயமுற்ற போர்வீரர்களின் கால்களை இம்முறையாலேயே வலுப்படுத்தி 1945-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார்.

மனோதிடம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் மேலும் தூக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதற்கும் திடம் வேண்டும். சொல்லப்போனால் வாலிபர்களுக்கு அதுதான் அதிகம் வேண்டும். தசை எரிவதுபோல் சோர்வது ஒன்று. மூட்டில் சுரீரென்று குத்துவது மற்றொன்று. முன்னதைப் பொறுக்க வேண்டும். பின்னதைக் கண்டவுடன் எடையைக் கீழே வைத்துவிட வேண்டும். பக்கத்தில் நிற்பவன் என்ன நினைப்பான் என்னும் வெட்கமே பல முதுகுகளை ஒடித்திருக்கிறது. தசை வளர்வதும் கூடத்திலன்று. பயிற்சிக்குப் பின் ஒன்றிரண்டு நாள்களில், உணவாலும் நித்திரையாலும் வளர்கிறது. இரவு ஒரு மணி வரையில் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுக் காலையில் இரும்பைத் தூக்குகிறவன், ஒரு கையால் சம்பாதித்து மறு கையால் தெருவில் எறிகிறவனே.

தன் குறையைத் தானே ஒப்புக்கொள்ளுவதும் இத்திடத்தில் ஒரு பகுதி. ஆஸ்திரிய நாட்டில் 1947-ஆம் ஆண்டில் பிறந்து, மிஸ்டர் ஒலிம்பியா பட்டத்தை 7 முறை வென்ற அர்னால்டு சுவார்ஸ்னெகரை அறியாத வாலிபர் இங்கே இருக்கமாட்டார்கள். மார்பும் புஜமும் மலைபோலிருந்த அவருக்குக் கெண்டைக்கால் மெலிந்திருந்தது. நீளக் காற்சட்டையால் அதை மறைத்துக்கொண்டு மார்பை மாத்திரம் காட்டித் திரிவது எளிது. அவரோ காற்சட்டையை முழங்காலோடு வெட்டிவிட்டு, மெலிந்த கால் எல்லார் கண்ணிலும் படும்படி பயின்றார். பிறர் பார்வையே தமக்குச் சாட்டையாகட்டும் என்று அப்படிச் செய்ததாக எழுதியிருக்கிறார். நம் கூடங்களில் புஜத்தையும் மார்பையும் வளர்த்துவிட்டுக் கால்களை மறந்துபோன எத்தனை பேரை நாம் காண்கிறோம்! மேலே கோபுரம், கீழே குச்சி.

இனி, சொல்லக் கசப்பான பகுதிக்கு வருகிறோம். தாய்மார்கள் இதைச் சற்றுக் கவனித்துக் கேட்க வேண்டும். மனம் திடப்படாமல் ஆசை மாத்திரம் வளர்ந்தால் அது குறுக்கு வழியைத் தேடும். ஸ்டீராய்டு என்னும் மருந்துகளை ஊசியாகவும் மாத்திரையாகவும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பெரிய நகரங்களோடு நிற்கவில்லை. அவை தசையைப் பெருக்கும் என்பது மெய்யே. பொய் சொல்லி அச்சுறுத்துவதில் நமக்கு நம்பிக்கையில்லை. பெருக்கிவிட்டு அவை வாங்கும் விலைதான் பெரிது. வெளியிலிருந்து ஆண்மைச் சத்து வரும்போது உடம்பு தான் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும், விதை சுருங்கும், சந்தான பாக்கியம் கெடக்கூடும். இருதயத்தின் தசை தடித்து அதன் வேலை குன்றும். மாத்திரைகளால் கல்லீரல் பழுதாகும். மருந்தை நிறுத்தியவுடன் மனச்சோர்வு வந்து ஆளை அழுத்தும். மேற்சொன்ன அர்னால்டையே தம் தெய்வமாகக் கொண்டு பயின்ற ஆண்டிரியாஸ் முன்ட்ஸர் என்னும் ஆஸ்திரியர், தோலுக்கடியில் கொழுப்பே இல்லையோ என்னும்படியான உடம்பைப் பெற்று உலகப்புகழ் அடைந்தார். 1996-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், உள்ளுறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்து, 31-ஆவது வயதில் மாண்டார்.

இதற்கு மூலமான மனநோய் ஒன்றும் உண்டு. எவ்வளவு பெருத்தாலும் தான் மெலிந்திருப்பதாகவே எண்ணும் பிரமை அது. போப் என்னும் அமெரிக்க மனநோய் வைத்தியரும் அவரைச் சார்ந்தவரும் 1997-ஆம் ஆண்டில் அதற்குத் தனிப்பெயர் இட்டு விவரித்தார்கள். அப்படிப்பட்ட பிள்ளை மணிக்கொருதரம் கண்ணாடி பார்ப்பான். வெயிற்காலத்திலும் உடம்பை மூடும் சட்டை அணிவான். பயிற்சி தவறும் என்று அஞ்சிச் சொந்த அக்காள் கல்யாணத்துக்கும் வராதிருப்பான். வெளியில் பார்ப்பவர்கள் இதைப் பெரிய சிரத்தை என்று புகழ்வார்கள். சிரத்தையுள்ளவன் பயிற்சியை ஆள்கிறான். இவனைப் பயிற்சி ஆள்கிறது. இவ்வடையாளங்களைக் கண்டால் ஏசாமல், அடிக்காமல், மனநோய் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பெற்றோரின் பங்கைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. மகன் நாலு மாதம் ஒழுங்காகப் போய் வந்தால், 'உனக்கு எதற்கடா இந்தக் கொழுப்பு?' என்று கேலி செய்கிறோம். போகாமல் நின்றுவிட்டால், 'எதையும் உருப்படியாகச் செய்யமாட்டாய்' என்று வைகிறோம். இவ்விரண்டுக்கும் நடுவில் பிள்ளை எங்கே நிற்பான்? ஒரு டப்பா மாவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டுமென்று அவன் கேட்டால், வீட்டுச் சாப்பாட்டை முதலில் பாருங்கள். தசை வளரப் பயில்கிறவருக்கு, உடம்பின் எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவு புரதம் போதும் என்றும், அதற்கு மேல் உண்பதால் பெரும்பாலும் பயன் கூடுவதில்லை என்றும் பல சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து 2018-ஆம் ஆண்டில் முடிவு கண்டார்கள். 60 கிலோ பிள்ளைக்கு 96 கிராம் ஆகிறது. மூன்று வேளையும் சோற்று மலையின் உச்சியில் ஒரு கரண்டிக் குழம்பு விடுகிற வழக்கத்தால் இஃது எட்டாது. சோற்றைக் குறைத்துப் பருப்பு, சுண்டல், பால், தயிர், முட்டை, மீன் இவற்றைக் கூட்டினால் எட்டும். பெண்பிள்ளைகளுக்கும் இவ்வளவும் பொருந்தும். எடை தூக்கினால் பெண்ணுக்கு ஆண்வடிவம் வந்துவிடும் என்பது வீண் பயம். அவர்கள் உடம்பில் ஆண்மைச் சுரப்பு மிகச் சொற்பமே. எலும்பு வலுப்பதற்கு ஆண்களைவிட அவர்களுக்கே இப்பயிற்சி அதிகம் வேண்டும்.

முடிவாக, இது வாலிபர் பேச்சென்று பின்வரிசையில் கண்ணயர்ந்திருக்கும் பெரியோர்களை எழுப்ப வேண்டியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டில் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியின் கணக்குப்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேற்பட்டவர்கள். கல்லாப்பெட்டிக்கு முன் உட்கார்ந்தே ஆயுளைக் கழிக்கும் நமக்கு அதில் உரிய பங்கு கிடைக்காமல் போகவில்லை. உண்ட உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையின் பெரும்பகுதியை ஏற்று வைத்துக்கொள்ளும் களஞ்சியம் தசையே; களஞ்சியம் சுருங்கினால் சரக்கு வழியில் கிடக்கும். 'இந்த வயதில் இனி என்ன?' என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1990-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஃபியட்டரோன் என்னும் பெண் வைத்தியரும் அவர் கூட்டாளிகளும், முதியோர் விடுதியொன்றில் தளர்ந்திருந்த 10 பேருக்குக் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுடைய சராசரி வயது 90. ஒருவருக்கு வயது 96. 8 வாரம் முழுவதும் பயின்ற 9 பேருக்குக் கால்வலிமை சராசரி நூற்றுக்கு 174 பங்கு பெருகியது. நடையின் வேகமும் கூடிற்று. பயிற்சியை நிறுத்திய பின் சில வாரங்களிலேயே பெற்ற வலிமையில் ஒரு பகுதி கழிந்தும் போயிற்று. ஆகவே இரத்த அழுத்தமோ இருதயக் கோளாறோ உள்ளவர்கள் வைத்தியரைக் கண்டு கேட்டுக்கொண்டு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 10 தரம் எழுந்து உட்காருவதிலிருந்து தொடங்கலாம். நாளும் நேரமும் இடமும் எழுதிக்கொள்ளச் சங்கக் காரியதரிசி அவர்கள் வாசலில் காகிதமும் பென்சிலும் வைத்திருக்கிறார்கள்.